மெஷினால் வந்ததா, மெஷினோடு வந்ததா?

"அவருக்கு பைபாஸ் ஆயிருக்கு" என்ற பேச்சைக் கேட்காத தெரு நம் ஊரில் இருக்காது. குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. மருத்துவ ஆய்வுகளில் பைபாஸுக்கு இரண்டு பொருள் உண்டு. அடைத்துக்கொண்ட இதயத் தமனிக்கு மாற்றுவழியாக, காலிலிருந்தோ மார்பிலிருந்தோ எடுத்த ரத்தக்குழாயைத் தைப்பது ஒன்று. இதயத்தையும் நுரையீரலையும் கொஞ்ச நேரம் ஓரங்கட்டிவிட்டு, அவற்றின் வேலையைச் செய்யும் ஒரு மெஷின் வழியாக ரத்தத்தை உடலுக்கு வெளியே ஓடவிடுவது இன்னொன்று. முதலாவதை இரண்டாவது இல்லாமலே, துடிக்கும் இதயத்தின் மேலேயே செய்ய முடியும். மார்பைத் திறந்து வால்வு மாற்றும்போதோ இரண்டாவது மட்டும் இருக்கும். ஆகவே "பைபாஸுக்குப் பிறகு மறதி வரும்" என்று எங்காவது படித்தால், எந்த பைபாஸ் என்று கேட்காமல் மேலே போவதுதான் முதல் தவறு.

அந்த மெஷின் செய்வதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். இதயத்தின் வலது மேலறையில் செருகிய குழாய் வழியாக ரத்தம் கருஞ்சிவப்பாக வெளியே வருகிறது. பம்ப் அதை, ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்குள் தள்ள, மறுபக்கம் பளிச்சென்ற சிவப்பில் வெளிவந்து மகாதமனிக்குள் போகிறது. பிளாஸ்டிக்கைத் தொட்ட ரத்தம் உறையப் பார்க்கும். அதனால் குழாய் செருகுவதற்கு முன்பே உடல் எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெபாரின் என்ற உறைதடுப்பு மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று சோதிப்பார்கள். 480 வினாடியைத் தொட்ட பிறகே பல தியேட்டர்களில் பம்ப் ஓடத் தொடங்கும். எல்லாம் முடிந்ததும் ஹெபாரினை முறிக்க புரோட்டமின். சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது! இதற்கிடையில் ரத்தம் நீர்த்துப்போகிறது, தட்டணுக்கள் அடிபடுகின்றன, உடல் முழுக்க அழற்சி கிளம்புகிறது. இவ்வளவு நடக்கும்போது, பின்னால் வரும் எந்தக் கோளாறுக்கும் மெஷினைக் கைகாட்டத் தோன்றுவது இயல்புதான்.

அப்படிக் கைகாட்டியதில் பிறந்த சொல்தான் 'பம்ப்ஹெட்': மெஷினில் ஏறி இறங்கியவருக்கு வரும் மறதிக்கும் மந்தத்துக்கும் வைத்த பெயர். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மெஷின் உதவியோடு பைபாஸ் செய்துகொண்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு வீடு திரும்பும்போது நினைவாற்றல், கவனம் போன்றவை குறைந்திருந்தன. ஆறு மாதத்தில் அது 24 சதவீதமாக இறங்கியது. ஐந்தாம் ஆண்டில் 42-க்கு ஏறியது. படித்தால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க, மெஷினில் ஏறாத இன்னொரு குழு இல்லை. அறுபதைத் தாண்டிய, ரத்தக்குழாய் கெட்டுப்போன ஒருவருக்கு, அறுவை சிகிச்சையே நடக்காவிட்டாலும் ஐந்து ஆண்டில் மறதி கூடாதா?

நெதர்லாந்தில் நடந்த ஆக்டோபஸ் ஆய்வு இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வந்தது. குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு மெஷினோடும் பாதிப்பேருக்கு மெஷின் இல்லாமலும் பைபாஸ் செய்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துச் சோதித்தால், இரண்டு பக்கமும் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அதே சரிவு. அறுவை சிகிச்சையே செய்துகொள்ளாத இதய நோயாளிகளோடு ஒப்பிட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும், நாளடைவில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே கண்டார்கள். அதற்காக மெஷின் நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. மகாதமனியில் கிளாம்ப் போடும்போது உள்ளே படிந்த கொழுப்புத் துணுக்கு பெயர்ந்து பக்கவாதம் வருவது உண்மை. முதல் சில நாட்களின் குழப்பமும் உண்மைதான்.

சரி, மெஷினே வேண்டாம் என்று ஒதுக்கினால்? 2009-இல் வந்த ரூபி ஆய்வில் 2,203 பேர். மெஷின் இல்லாமல் தைத்த ரத்தக்குழாய்களில் ஓராண்டு கழித்து அடைக்காமல் இருந்தவை 82.6 சதவீதம், மெஷினோடு தைத்தவற்றில் 87.8. துடிக்கும் இதயத்தில் தைப்பது கைப்பழக்கம் கேட்கும் வேலை. அந்த ஆய்வின் சர்ஜன்களுக்கு அதில் போதிய பழக்கம் இருந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். யார் கை தைத்தது என்பதும் ஒரு தரவு. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எனக்கு அதிகம் உறுத்தும் தவறு வேறு. ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் இறங்கினாலே நோயாளி பிழைத்தார் என்று எடுத்துக்கொள்வது. மெஷின் அழற்சியைக் கிளப்புகிறது, ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது, கணக்கு நேர் என்றுதான் பல காலம் நம்பினார்கள். 7,507 பேரை வைத்து 2015-இல் முடிந்த சிர்ஸ் ஆய்வில் ஸ்டீராய்டு இறப்பைக் குறைக்கவில்லை. அப்ரோட்டினின் கதை இன்னும் மோசம். ரத்தக்கசிவைக் குறைப்பதில் கெட்டிக்கார மருந்து. 2008-இல் வெளியான கனடா ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 6 சதவீதம் பேர் இறந்தார்கள். அதே வேலைக்காகக் கொடுத்த மற்ற இரண்டு மருந்துகளில் அது 4 சதவீதத்தை ஒட்டியே இருந்தது.

அப்புறம் எக்மோ, அதே மெஷினின் இன்னொரு வடிவம்: இதயமோ நுரையீரலோ கைவிட்டவருக்குப் படுக்கையருகே பொருத்துவது. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும், 2020-இல் எஸ்.பி.பி.க்கும் பொருத்தப்பட்டபோது நம் வீடுகளுக்குள் வந்த சொல். "எக்மோ போட்டா அவ்வளவுதான்" என்ற பேச்சும் கூடவே வந்தது. அறுவை சிகிச்சை மெஷின் சில மணி நேரம் ஓடுவது. எக்மோ நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஓடுவது. ஒன்றின் சிக்கல் எண்ணிக்கையை மற்றதற்குப் பொருத்தக் கூடாது. தவிர, வேறு வழியெல்லாம் தீர்ந்தவருக்குத்தான் எக்மோவே போடுகிறார்கள்.

நுரையீரல் கடுமையாகச் செயலிழந்த 249 பேரை வைத்து 2018-இல் வந்த எயோலியா ஆய்வில், 60 நாளில் எக்மோ பக்கம் 35 சதவீதம் பேரும், எக்மோ இல்லாமல் சிகிச்சை தொடங்கிய மறுபக்கம் 46 சதவீதம் பேரும் இறந்தார்கள். தற்செயலாக வந்ததல்ல என்று சொல்லுமளவுக்கான புள்ளியியல் எல்லையை அந்த வித்தியாசம் தாண்டவில்லை என்றதும், "எக்மோ பயனில்லை" என்று சிலர் முடித்துவிட்டார்கள். ஆனால் மறுபக்கத்தில் இருந்த 125 பேரில் 35 பேருக்கு நிலைமை முற்றிப்போய், கடைசியில் எக்மோவே போட வேண்டி வந்தது. அவர்கள் எல்லோரும் கணக்கில் எக்மோ இல்லாத பக்கத்திலேயே இருக்கிறார்கள்.