ஷேலில் ஆழம் பொருந்தாதபோது

வட கடலின் கிம்மெரிட்ஜ் ஷேல் (களிமண் இறுகி உண்டான மெல்லிய அடுக்குப் பாறை). நில அதிர்வுப் படத்தில் அதன் அடித்தளம், கிணற்றில் கண்டதைவிட ஆழத்தில் விழுந்தது. தூர ஆஃப்செட்டில் (அதிர்வு மூலத்துக்கும் ஏற்பிக்கும் இடைவெளி அதிகமான பதிவுகளில்) பிரதிபலிப்புகள் ஹாக்கி மட்டை போல மேலே வளைந்தன. களிமண் தகடுகள் கிடையாகப் படிந்திருப்பதால் அலை பக்கவாட்டில் வேகமாக ஓடுகிறது; செங்குத்துக் கிணற்றின் சோனிக் லாக் (கிணற்றின் நெடுகப் பாறையில் ஒலி வேகத்தை அளந்த பதிவு) அதைக் காட்டாது. இப்படித் திசைக்குத் திசை வேகம் மாறுவதை அளக்கப் புவி இயற்பியலாளர் தாம்சன் 1986-இல் வரையறுத்த டெல்டா (செங்குத்தை ஒட்டிய திசைகளில் வேகம் மாறும் அளவு) 0.1 இருந்தாலே, ஆழம் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடிவிடும்.

களிமண், குவார்ட்ஸ், கெரோஜன் (பாறையிலுள்ள கரிமப் பொருள்) விகிதங்களை லாக்கிலிருந்து எடுத்து மாதிரி கட்டினேன். தகடுகள் எல்லாம் ஒரே சீராகக் கிடப்பதாக வைத்தால் எப்சிலான் (கிடை வேகம் செங்குத்து வேகத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதன் அளவு) எக்கச்சக்கமாக வந்தது. அவற்றின் சாய்வைச் சற்றே சிதறவிட்டு, வண்டல் அடுக்குகளோடு பேக்கஸ் சராசரி (மெல்லிய அடுக்குகளை ஒரே பாறையாகக் கணக்கிடும் முறை) எடுத்து, செக்‌ஷாட்டோடு (மேற்பரப்பிலிருந்து கிணற்றுக்குள் அலை வந்துசேர்ந்த நேர அளவீடு) சரிபார்த்தேன். வளைவு நிமிர்ந்தது, ஆழமும் பொருந்தியது.

கோர் துண்டு (கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறை) கிடைத்தால், அடுக்குகளுக்கு 45 பாகையிலும் வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு இல்லாத ஆய்வக டெல்டாவை நான் நம்புவதில்லை.