அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

தமிழ்நாட்டில் முதல் வீடு வாங்குகிறீர்களா? டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, அந்தச் சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் சர்வே எண். இன்று 124/2அ1 என்று இருக்கும் மனை, உட்பிரிவு ஆவதற்கு முன் வெறும் 124/2 ஆக இருந்திருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டால் பழைய கிரயம், அடமானம் எதுவும் வராமல் போகலாம். தாய்ப்பத்திரத்தில் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) உள்ள பழைய எண்ணையும் போட்டுத் தேடுங்கள். பட்டியலில் அடமானம் இருந்தால், அதை அடைத்ததற்கான ரசீது ஆவணமும் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘அதெல்லாம் எப்பவோ கட்டியாச்சு சார்’ என்ற வாய்வார்த்தை செல்லாது.

வில்லங்கம் சுத்தமாக வந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும், வாரிசுகள் வரமாட்டார்கள். அப்பா பெயரில் இருந்த சொத்தை மகன் மட்டும் விற்க வந்தால், வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அதில் அக்கா, தங்கை பெயர் இருந்தால் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். பட்டா யார் பெயரில் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.