“பிள்ளைகள் பெரியவர்களாகட்டும்” என்று மிருதங்கத்தை ஓரமாக வைக்காதீர்கள்

சிங்கப்பூரில் நம் வாழ்க்கை இப்படித்தான்: வேலை, கல்யாணம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி, முதல் குழந்தை. இந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில், சின்ன வயதிலிருந்து நமக்குப் பிடித்த ஒன்று நின்றுபோகிறது. எனக்கு அது மிருதங்கம். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியின் இரண்டு ஆண்டுகளில்கூட வார இறுதியில் வீட்டுக்கு வந்ததும் வாசித்தவன், மூத்தவள் பிறந்தபின் நான்கு ஆண்டுகள் உறையைக் கழற்றவே இல்லை. நேரம் குறைந்தது உண்மைதான். ஆனால் மீண்டும் எடுத்து உட்கார்ந்தபோது, பாதிக்குமேல் என் தவறுகளால்தான் நின்றுபோயிருக்கிறது என்று புரிந்தது. அதே தவறுகளைச் செய்யும் நண்பர்களைச் சுற்றிலும் பார்க்கிறேன். ஓவியமோ தோட்டமோ பேட்மிண்டனோ, எல்லோர் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது, காத்திருப்பது. பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்போம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகள், நான்கு வயது இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு 12 வயதில் வருகிறது. மூத்த பிள்ளை பிறந்ததிலிருந்து இளைய பிள்ளை அந்தத் தேர்வை முடிக்கும்வரை 16 ஆண்டுகள். அதற்குள் நம் அப்பா அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் காலம் தொடங்கிவிடும். நாம் காத்திருக்கும் அந்த ஓய்வான வருடம் நடுவில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது தவறுதான் என்னை அதிகம் கெடுத்தது: இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் உட்காருவேன் என்ற பிடிவாதம். மிருதங்கத்துக்கு முன்வேலை உண்டு. ரவையைப் பிசைந்து இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்ப வேண்டும், வலப்பக்கமான வலந்தலையைத் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கியிருக்கும். முடிந்ததும் ரவையைச் சுரண்டித் துடைக்க வேண்டும். இருபது நிமிடம் கிடைக்கும் இரவில் இதை நினைத்தாலே கை தொலைபேசியைத்தான் தேடும்.

வழி கிடைத்தது வாத்தியம் தேவைப்படும் பயிற்சியையும் தேவைப்படாத பயிற்சியையும் பிரித்தபோதுதான். வாசிக்கும் ஒலிகளை வாயால் சொல்லும் சொற்கட்டுக்கு வாய் போதும். தாளத்துக்கு ஒரு கையும் தொடையும் போதும். செங்காங்கிலிருந்து தோபி காட் வரை வடகிழக்கு ரயில் பாதையில் இருபது நிமிடங்களுக்குமேல் ஆகிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை விரலில் வைத்துக்கொண்டு, ‘தா தீ தொம் நம்’ முதல் பாடத்திலிருந்து மூன்று காலத்திலும் (வேகத்திலும்) மனதுக்குள் சொல்லிக்கொண்டே போகிறேன். மிருதங்கம் சனிக்கிழமை காலையில் மட்டும் வெளியே வரும். நடனம் ஆடுபவர்களும் ஜதிகளை இப்படியே சொல்லிப் பார்க்கலாம். வரைபவர்களுக்குச் சட்டைப்பையில் அடங்கும் நோட்டும் ஒரு பென்சிலும் போதும். உங்களுக்குப் பிடித்த வேலையில் எந்தப் பகுதியைக் கையில் எதுவும் இல்லாமல் செய்யலாம் என்று கொஞ்சம் யோசியுங்கள். கட்டாயம் ஏதாவது இருக்கும்.

அடுத்தது சத்தம். பிள்ளைகள் தூங்கியபின் வாசிக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அடுக்குமாடி வீட்டில் மிருதங்கத்தின் அதிர்வு தரைவழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை அமைதி நேரம் என்பது வீவக பேட்டைகளில் நெடுநாள் வழக்கம். அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று அக்கம்பக்க இரைச்சல் பற்றிய ஆலோசனைக் குழு 2022-ல் பரிந்துரைத்தது. ஆகவே வேலை முடிந்து வருபவருக்கு இரவில் மிஞ்சும் நேரம் வாத்தியத்துக்கான நேரம் இல்லை. கீழ்வீட்டுப் பாட்டியிடம் நேரில் போய், சனிக்கிழமை பத்து மணிக்கு வாசித்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். தாராளமாக என்றார். முன்கூட்டியே கேட்காமல் தொடங்கி, புகார் வந்தபின் மனம் உடைந்து நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

பழைய கையைத் தேடுவதும் தவறு. நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நேராகப் பெரிய கோர்வை (தாளக் கணக்கோடு முடியும் சொற்கோப்பு) ஒன்றை எடுத்தேன். மணிக்கட்டு வலித்தது, வேகம் வரவில்லை, மறுபடி ஒரு மாதம் தொடவில்லை. பிறகு முதல் பாடத்துக்கே போனேன். அங்கே கை மெல்லத் திரும்பியது. இருபது வயதில் தினமும் மூன்று மணி நேரம் வாசித்த கையோடு இன்றைய கையை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

இதை மனம்விட்டுச் சொல்ல வேண்டும்: வீட்டில் ஒருவருடைய ஆர்வத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குவது பெரிய அநியாயம். கணவரின் ஞாயிற்றுக்கிழமைக் காற்பந்து நாட்காட்டியில் இருக்கும். மனைவியின் வீணை, வேலையெல்லாம் முடிந்தபின் மிச்சமிருந்தால். வேலை ஒருபோதும் முடியாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது என் மனைவிக்கு வியாழன் மாலை, எனக்குச் சனிக்கிழமை காலை. மற்றவர் அந்த நேரத்தில் பிள்ளைகளோடு புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலுக்குப் போய்விட வேண்டும். பக்கத்து அறையில் இருந்தால், “அம்மா!” என்ற ஒரே குரலில் எல்லாம் கலைந்துவிடும்.

நம் ஆசையைப் பிள்ளையின் வகுப்பாக மாற்றிவிடுவதும் இங்கே அதிகம். சமூக மன்றத்திலோ நடனப் பள்ளியிலோ பிள்ளையை விட்டுவிட்டு, வெளியே நாற்காலியில் ஒரு மணி நேரம் தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது, அந்த மணி நேரம் அவர்களுடையது என்று சொல்லத் தோன்றும். புத்தகமோ பின்னலோ பையில் இருந்தால் வாரத்தில் ஒரு மணி நேரம் யாரிடமும் கேட்காமல் கிடைக்கிறது.

வேலை நேரத்தை மாற்றவே முடியாது என்று கேட்காமலே முடிவுசெய்வதும் வேண்டாம். 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறையாக விண்ணப்பிக்கும் ஊழியருக்கு முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும் என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறை சொல்கிறது. தகுந்த காரணம் இருந்தால் மறுக்கலாம். ஆனாலும் வாரத்தில் ஒருநாள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகப் போவது பெரிய கோரிக்கை இல்லை.

புதுக் கருவி வாங்கினால் ஆர்வம் திரும்பும் என்ற நம்பிக்கையில் பணம் போகும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட, பெரியவர்களான சிங்கப்பூரருக்கு அரசாங்கம் தந்த 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் 2028 முடியும்வரை செல்லும். அதில் ஒரு கச்சேரிக்கோ பயிலரங்குக்கோ போய்வாருங்கள். பிறர் வாசிப்பதைக் கேட்ட மறுநாள் எனக்குக் கை தானாகத் தாளம் போடும்.

கைக்குழந்தை இருக்கும்போதோ, வீட்டில் யாராவது படுக்கையில் இருக்கும்போதோ நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். அது தவறே இல்லை. ஆனால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஆசிரியரிடம், “ஆறு மாதம் வர முடியாது, அப்புறம் நீங்களே ஒரு தடவை கூப்பிடுங்கள்” என்று சொல்லி வையுங்கள். நான் சொல்லாமல் நின்றவன். நான்கு ஆண்டு கழித்துக் கூச்சத்தோடு அழைத்தபோது என் ஆசிரியர் முதலில் கேட்டது, “தோல் எப்படி இருக்கு, கொண்டு வா பார்க்கலாம்” என்பதுதான்.