தார்ச்சாலைப் பழக்கம் மண்பாதைக்கு உதவாது: எம்.டி.பி. ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, நீலகிரிப் பக்கத்துச் சைக்கிள் குழுக்களில் ஞாயிறுதோறும் தார்ச்சாலையில் எழுபது, எண்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஒரு கட்டத்தில் எம்.டி.பி. எனப்படும் மலைச்சைக்கிளை வாங்கி மண்பாதையில் இறங்கிப் பார்க்கும் ஆசை வருகிறது. அவர்களுக்குத் தொடை வலுவும் மூச்சும் உண்டு; ஏற்றத்தில் சளைக்காத மனமும் உண்டு. ஆயினும் முதல் சில வாரங்களில் அதிகமாக விழுபவர்களும் அவர்களே. சாலையில் அவர்களைக் காப்பாற்றிய பழக்கங்கள்தாம் மண்ணில் அவர்களைக் கீழே தள்ளுகின்றன என்பதைப் புதியவர்களோடு ஓட்டும்போதெல்லாம் காண்கிறேன். எந்தப் பழக்கத்தை எங்கே கைவிட வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிக் காயங்களையாவது தவிர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு வீட்டு வாசலில், காற்றடிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. சாலைச் சைக்கிளின் மெல்லிய டயரில் 80, 90 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அடித்துப் பழகியவர், மலைச்சைக்கிளின் டயரை விரலால் அமுக்கிப் பார்த்து, அது சற்றுக் குழைந்தாலும் காற்று போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தத்தைக் குறிக்கிறது. அதையே அடிக்க வேண்டிய அளவாக எண்ணி 50 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிவிடுபவர்கள் ஏராளம். அப்படி இறுகிய டயர் கல்லின்மேல் படியாமல் துள்ளும். சரளையில் பிடிமானம் இழக்கும். வேர்களைக் கடக்கும்போது ஓட்டுபவரின் கைகளை உலுக்கி எடுத்துவிடும். 2.2 அல்லது 2.3 அங்குல அகலமுள்ள டியூப்லெஸ் டயரென்றால், ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவர் முன்சக்கரத்தில் 22, பின்சக்கரத்தில் 25 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, ஒரே பாதையில் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்துத் தமக்கு உரிய அளவைக் கண்டுகொள்ளலாம். டியூப் போட்டிருப்பவர்கள் இதைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ. கூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் டயர் பாறை விளிம்பில் மோதி ரிம்மோடு நசுங்கும்போது, பாம்பு கடித்த தடத்தைப் போல டியூபில் இரட்டை ஓட்டை விழும்.

நம் மண்ணில் டியூப்லெஸ்ஸுக்கு மாறுவதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. தரிசு நிலத்து வண்டிப்பாதை எதிலும் சீமைக்கருவேல முள்ளோ நெருஞ்சி முள்ளோ இல்லாமல் இருக்காது. டயருக்குள் ஊற்றும் சீலண்ட் என்ற பால்போன்ற திரவம் இத்தகைய சிறு துளைகளை ஓட்டத்திலேயே அடைத்துவிடும்; ஆனால் நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதங்களில் காய்ந்து தோலாகிவிடுவதால், ஊற்றிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மீண்டும் நிரப்ப வேண்டும். இதில் அனுபவசாலிகளும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெரிய கிழிசல் விழுந்து, வழியிலேயே டயருக்குள் டியூப் போட நேரும்போது, டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்காமல் போட்டுவிடுகிறார்கள். சீலண்ட் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் அத்தனையும் உள்ளே நுனி நீட்டிக்கொண்டிருக்கும்; புது டியூப் நூறு மீட்டர்கூடத் தாங்காது. உள்சுற்று முழுவதையும் ஒரு துணியால் மெல்லத் தடவி, துணி சிக்கும் இடங்களிலெல்லாம் முள்ளைப் பிடுங்கிய பிறகே டியூபை நுழைக்க வேண்டும்.

அடுத்தது பிரேக். இந்த விளையாட்டின் தொடக்கக் கதையே பிரேக்கோடு பிணைந்தது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை அடுத்த செங்குத்தான மண்பாதையில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் நேரம் குறித்து இறங்கும் பந்தயத்தைத் தொடங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அந்தக் காலத்துப் பிரேக், பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்புக்குள் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் அது கொதித்து உள்ளிருந்த கிரீஸ் எரிந்துபோய்விடும். திரும்பவும் கிரீஸ் அடைத்தாக வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்ற பெயர் நிலைத்தது. இன்றைய ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் கிரீஸ் எரிவதில்லை என்றாலும், மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை லீவரை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் மிகச் சூடாகி, பிடிக்கும் வலு குறைந்துகொண்டே போகும், விரல்களும் மரத்துப்போகும். நேரான இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் நுழையும்போது லீவரை விட்டு, சக்கரங்களை உருள விடுவதுதான் முறை. வளைவின் நடுவில் பிரேக்கை இறுக்கினால், திரும்புவதற்குப் பயன்பட வேண்டிய பிடிமானத்தை நிற்பதற்குச் செலவழித்துவிடுகிறோம். முன்சக்கரம் வழுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

முன்பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்ற அச்சத்தில் பின்பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குபவர்களும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது உடலின் எடை முன்னோக்கி நகர்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது. பின்சக்கரத்தை மட்டும் பூட்டினால் அது இழுபட்டுக்கொண்டே வரும். வேகமும் அதிகம் குறையாது, பாதையும் உழுத வயலைப்போல் ஆகிவிடும். அடுத்த மழையில் அந்தத் தடம் வாய்க்காலாகிறது. இரு லீவர்களிலும் ஒவ்வொரு விரலை மட்டும் வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, இரண்டு பிரேக்கையும் சீராகப் பிடிக்கும் பயிற்சியைச் சமதளத்து மைதானத்தில் ஒரு மணி நேரம் செய்துவிட்டு வந்தாலே போதும். இரவல் சைக்கிளென்றால் எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வலக்கை முன்பிரேக் என்பது வழக்கம், அமெரிக்க வழக்கப்படி அமைந்த வண்டிகளில் அது இடக்கையில் இருக்கும்.

சாலைக் குழுவில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே சென்று காற்றின் எதிர்ப்பைக் குறைத்துக்கொள்வது ஒரு கலை. ஒற்றையடிப் பாதையில் அதே நெருக்கம் கண்ணை மறைத்துவிடும். முன்னவர் கடந்த பாறை நம் சக்கரத்தடியில் வந்த பிறகே நமக்குத் தெரிகிறது. நான்கைந்து சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு, பார்வையைச் சக்கரத்தின்மேல் வைக்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே வைக்க வேண்டும். எந்தக் கல்லை அஞ்சி உற்றுப் பார்க்கிறோமோ அதன்மேலேயே ஏற்றிவிடுவோம். போக வேண்டிய இடைவெளியைப் பார்த்தால் வண்டி அங்கே போகும். இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்துவதும், இரு பெடல்களையும் தரைக்கு இணையாக வைத்து எழுந்து நிற்பதும் இதனோடு சேர்ந்தவை. சஸ்பென்ஷனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: ஏறி அமர்ந்ததும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தான் அமிழக்கூடிய மொத்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை, அதாவது 100 மி.மீ. ஃபோர்க் என்றால் 20 முதல் 25 மி.மீ. வரை, அமிழ வேண்டும். ஃபோர்க் அமிழாமல் பூட்டும் லாக்கவுட்டைச் சாலையில் போட்டுவிட்டு, அதைத் திறக்க மறந்து இறக்கத்தில் இறங்கியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நம் மலையடிவாரத்தில் ஓட்டுபவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறுக்கும் சைக்கிள் திறமைக்கும் தொடர்பில்லை. தார்ச்சாலை எல்லோருக்கும் பொது, மண்பாதை அப்படியன்று. யாரோ ஒருவர் ஓட்டிப் பதிவேற்றிய தடம் செயலியில் தெரிகிறது என்பதற்காக, அந்தப் பாதையில் நுழைய நமக்கு அனுமதி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தேயிலைத் தோட்டத்துப் பாதைகள் பலவும் தனியாருடையவை. தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டால் சில இடங்களில் இசைவு கிடைக்கும், கேட்காமல் ஒருவர் நுழைந்தால் பின்னால் வருகிற எல்லாக் குழுக்களுக்கும் கதவு அடைபடும்.

சட்டத்தைவிட அஞ்ச வேண்டியது யானையை. வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம் என்று விடியற்காலை ஐந்தரை மணிக்கே பாதையில் இறங்குவது சாலை ஓட்டிகளின் பழக்கம். காட்டோரத்தில் யானைகள் தோட்டங்களிலிருந்து காட்டுக்குத் திரும்பும் நேரமும் அதுதான். சைக்கிள் ஓசையின்றி வருவதால், வளைவு திரும்பியதும் மிக அருகில் எதிர்ப்பட நேரலாம். திடுக்கிட்ட யானை தாக்கும். பொழுது நன்றாகப் புலர்ந்த பிறகே புறப்படுங்கள், பாதையில் புதிய சாணமோ முறிந்த கிளையோ தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், அந்த ஊர்க்காரர்களிடம் முந்தைய இரவு யானை வந்ததா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமையும் கரடியும் இதே கவனத்தை வேண்டுபவை. மணியடித்தோ கூச்சலிட்டோ படமெடுத்தோ விலங்கை விலக்க முயல்வது எந்நிலையிலும் கூடாது.

மழைக்காலத்தில் மண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். செம்மண்ணும் சரளையும் நீரை விரைவில் வடித்துவிடும். கரிசல் மண் அப்படியன்று. நனைந்த கரிசலில் இருபது மீட்டர் போனாலே சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் களிமண் அடைத்து, சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். அந்நிலையில் வலிந்து பெடலை மிதித்து, கியர் மாற்றும் பின் டெரெய்லரை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. டயரின் தடம் ஆழமாகப் பதிகிற ஈரத்தில் ஓட்டாமல் இருப்பது வண்டிக்கும் நல்லது, பாதைக்கும் நல்லது.

பந்தயத்துக்கு வருவோம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து இடம்பெற்றுவரும் கிராஸ் கன்ட்ரி வகையையே நம் தொழில்முறையல்லாத போட்டிகளும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன: ஒரே சுற்றுப்பாதையைப் பலமுறை சுற்ற வேண்டும். முந்தைய நாளே அந்தச் சுற்றை ஓட்டிப் பார்க்காமல் வருவது முதல் பிழை. பார்க்கும்போதும் முழு வேகத்தில் ஓட்டித் தீர்த்துவிடாமல், கடினமான இறக்கங்களில் நின்று, இறங்கி நடந்து, எந்தக் கோட்டில் போவது, எங்கே முந்தலாம், எங்கே நீர் குடிக்கக் கை ஒழியும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கரடுமுரடான பாதையில் நினைத்தபோது பாட்டிலை எடுக்க முடியாது என்பதைச் சாலையிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரப் போட்டிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத ஜெல்லையோ, முதல்நாள் மாற்றிய காலணியையோ போட்டியன்று சோதித்துப் பார்க்காதீர்கள்.

தொடக்கத்தில் பாய்வதா நிதானிப்பதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. அகலப் பாதை சீக்கிரமே ஒற்றையடிப் பாதையாகக் குறுகும் போட்டிகளில், பின்தங்கினால் வரிசையில் நின்று நடக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் முதல் போட்டிக்கு வருகிறவர் முன்வரிசைக்காரர்களோடு போட்டியிட்டு ஐந்து நிமிடத்தில் மூச்சிறைத்து, நடுங்கும் கைகளோடு முதல் இறக்கத்துக்குள் நுழைவதைவிட, நடுவரிசையில் தம் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் போவது நல்லது என்பது என் கருத்து. முந்த விரும்புபவர் எந்தப் பக்கம் வருகிறோம் என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு சுற்றுப் பின்தங்கியவர் பதறிப்போய்ப் புதரில் ஒதுங்காமல், அடுத்த அகலமான இடத்தில் வழிவிட்டால் போதும். கட்டியிருக்கும் நாடாவைத் தாண்டி வெளியே போக நேர்ந்தால், வெளியேறிய இடத்திலேயே மீண்டும் உள்ளே வர வேண்டும். பாதியில் விலகுபவர்கள் தயவுசெய்து அமைப்பாளர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருவர் பேசாமல் வீட்டுக்குப் போய்விட, தன்னார்வலர்கள் இருட்டும்வரை அவரைப் பள்ளங்களில் தேடிய நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

குழு ஓட்டத்திலும் இதே அக்கறை வேண்டும். சாலையில் பின்தங்கியவர் எப்படியும் வழி கண்டு வந்துவிடுவார்; காட்டோரத்தில் சிக்னல் இருக்காது, கிளைப்பாதைகள் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் முன்னால் போனவர்கள் நின்று, கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். அவர் வந்து சேர்ந்ததும் புறப்பட்டுவிடாமல் அவருக்கும் மூச்சுவாங்க நேரம் கொடுக்க வேண்டும். தலை மோதி விழுந்தவர் எழுந்து நின்று நலம் என்று சொன்னாலும் அன்று அவரை மேற்கொண்டு ஓட்ட விடாதீர்கள். கழுத்து வலிக்கிறது என்பவரை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். அழைப்பு கிடைக்கும் இடம் கடைசியாக எங்கே இருந்தது என்பதைக் குழுத் தலைவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை வெளியே தெரியாமல் நசுங்கியிருக்கும். அது மறுமுறை காக்காது, மாற்றிவிட வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் பைக்குகளுக்கான வாட்டர் சர்வீஸ் கடையில் நிறுத்தி, அழுத்த நீரைப் பீய்ச்சிச் சேற்றை அகற்றுவது பலருக்கும் பழக்கம். அந்த நீர் ஹப், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் முதலியவற்றின் பேரிங்குகளுக்குள் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். தோட்டத்துக் குழாயும் ஒரு தூரிகையும் போதும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஸ்ப்ரேயைத் தவிர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். டிஸ்க்கின்மேல் எண்ணெய் தெறித்தால் பேட்களையும் மாற்ற வேண்டிவரும். டயரில் சிறு முட்கள் தைத்திருந்தால், ஒவ்வொன்றையும் பிடுங்கியவுடன் அந்தத் துளை தரையை நோக்கி இருக்குமாறு சக்கரத்தைத் திருப்பி ஓரிரு நிமிடம் நிறுத்துங்கள். சீலண்ட் அங்கே வந்து தேங்கித் துளையை அடைத்துக்கொள்ளும்.