பழைய ராக் அண்ட் ரோலை ரீமிக்ஸ் செய்யும்போது எங்கே சறுக்குகிறோம்?

எல்விஸ் பிரெஸ்லியின் 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' 1968இல் அமெரிக்கப் பட்டியலில் 69ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 2002இல் ஜங்கி எக்ஸ்எல் என்ற நெதர்லாந்துக்காரர் அதை ரீமிக்ஸ் செய்ய, பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம். பழைய பாட்டுக்கு அடியில் கனமான கிக் (பெரிய ட்ரம்மின் அடி) போட்டால் போதும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் ஜங்கி எக்ஸ்எல் எடுத்தது எல்விஸ் ஒரு திரைப்படத்துக்காகப் பாடிய பதிவை அல்ல. அதே ஆண்டு டிவி நிகழ்ச்சிக்காக எல்விஸ் மறுபடி பாடிய, இன்னும் முரட்டுத்தனமான பதிவை. கையில் கிடைத்த முதல் பதிவிலேயே வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்து வேகம். பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் தி கிளாக்' நிமிடத்துக்குச் சுமார் 180 பீட். ஹவுஸ் என்ற நடன இசையோ 120 முதல் 128 வரை. நான் ஒருமுறை அதை 125க்கு இழுத்துப் பார்த்தேன். மனிதர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இருந்தது. ட்ரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசை வழக்கமாக 174இல் ஓடும், 180க்குப் பக்கத்து வீடு. பாட்டின் வேகத்துக்குத் தோதான பாணியைத் தேடுவதுதான் சரி.

அந்தக் காலத்தில் கிளிக் டிராக் (வேகம் மாறாமல் இருக்க இசைக்கலைஞர் காதில் கேட்கும் டிக் டிக் ஒலி) கிடையாது. ட்ரம்மர் கொஞ்சம் முந்துவார், கொஞ்சம் பிந்துவார். அதற்காக ஒவ்வொரு பீட்டையும் மென்பொருளின் கிரிட்டில் (சம இடைவெளிக் கோடுகளில்) ஆணியடித்தால் பாட்டு செத்துவிடும். நான்கு பாருக்கு (ஒரு பார் நான்கு பீட்) ஒருமுறை கிரிட்டோடு பிடித்தால் போதும். 'ஜானி பி. குட்' பாட்டைக் காதை வைத்துக் கேளுங்கள்: சக் பெர்ரியின் கிட்டார் நேராக ஓடும், ட்ரம்ஸ் ஸ்விங்கில், அதாவது ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் வரும் தாளத்தில், ஆடும். ஆட வைப்பதே இந்த இழுபறிதான். நேரான ஹை-ஹேட் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் ஜால்ராத் தட்டு ஒலியை) மேலே போட்டு மூடினால் பாதி போய்விடும்.

குரலைப் பிரித்தெடுக்க இன்று மென்பொருள் இருக்கிறது, சரி. ஆனால் மெம்பிஸ் சன் ஸ்டுடியோப் பதிவுகளில் டேப் எக்கோ (டேப் இயந்திரத்தால் உண்டாக்கிய எதிரொலி) குரலோடு ஒட்டியே வரும். அதன்மேல் இன்னும் ரிவர்ப் (பெரிய அறையில் ஒலிப்பது போன்ற அதிர்வு) ஊற்றினால் சேறுதான்.

அப்புறம் உரிமை. பாட்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, இரண்டும் தனி. ஐரோப்பாவில் 1962 வரை வெளியான பதிவுகளின் காப்புரிமை தீர்ந்துவிட்டது. எழுதியவரின் உரிமை பெரும்பாலும் தீரவில்லை. அமெரிக்காவில் 1957 முதல் வந்த அந்தக் காலப் பதிவுகளுக்கு 2067 வரை காப்பு உண்டு. அனுமதி கேட்டால் பெயரையும் பார்ப்பார்கள். போதை அடிமையைக் குறிக்கும் 'ஜங்கி' என்ற சொல் எல்விஸ் தரப்புக்குப் பிடிக்கவில்லை. அதனால் அந்த ரீமிக்ஸ் ரிக்கார்டில் ஜங்கி எக்ஸ்எல் வெறும் ஜேஎக்ஸ்எல்.