செங்கல்லை உடைக்காமல், தட்டிப் பார்த்தே வலிமையை மதிப்பிடுவது

நன்றாக வெந்த செங்கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். வேகாததும் விரிசல் விட்டதும் ‘டப்’பென்று அடங்கிவிடும். காது சொல்லும் இந்தத் தீர்ப்பை எண்ணாக மாற்றுவதுதான் இந்த முறை. சோதித்த கல்லையே சுவரில் வைக்கலாம்.

தராசு, அளவுகோல், கைப்பேசி, ஒலிப்பதிவை ஆராயும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். தட்டுவதற்குச் சுத்தியல் வேண்டவே வேண்டாம்; அது கல்லில் ஒட்டி நின்று அதிர்வை அமுக்கிவிடும். 10 மி.மீ. பேரிங் குண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் கேபிள் டையின் நுனியில் ஒட்டிக்கொள்ளுங்கள். பட்டவுடன் துள்ளி விலகிவிடும்.

கல்லை எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, எடையையும் மூன்று அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரக் கல்லின் எண்ணை உலர்ந்த கல்லோடு ஒப்பிட முடியாது.

அப்புறம் கல்லின் நடுப்பகுதிக்குக் கீழே மட்டும் ஸ்பாஞ்ச் துண்டு வைத்து, ஒரு முனை முகத்தின் மையத்தில் தட்டுங்கள். மைக் எதிர்முனையருகே இருக்கட்டும். பதிவு வேவ் கோப்பாக இருக்கட்டும். ஆடாசிட்டியில் ஒலி தொடங்கி அடங்கும்வரை தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம், போடுங்கள். நொடிக்கு 44100 மாதிரி எடுக்கும் பதிவில், ஸ்பெக்ட்ரத்தின் அளவு (size) 4096 என்றால் படத்தின் புள்ளிகளுக்கிடையே சுமார் 11 ஹெர்ட்ஸ், அது போதும்.

நான் சறுக்கியது இங்கேதான். படத்தில் ஒன்றல்ல, பல கூர்முனைகள் வரும். உயரமானதை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரே கல்லுக்கு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விடை! கல் நீளவாக்கில் நீண்டு சுருங்குவதும் உண்டு, வில்லாக வளைவதும் உண்டு. இரண்டுக்கும் அதிர்வெண் வேறு. நமக்கு வேண்டியது முதல் வகை. அதற்குக் கல்லின் நடுவில்தான் கணு, அதாவது அசையாத இடம். வளைவு அதிர்விலோ நடுப்பகுதிதான் நன்றாக ஆடும். எனவே நடுவில் விரலை அழுத்திக்கொண்டு இன்னொரு முறை தட்டுங்கள். சுருங்கிப்போகும் கூர்முனை வளைவுடையது, தாக்குப்பிடிப்பதே நம்முடையது. இன்னும் சந்தேகமா? நீளப் பக்கத்தில் தட்டுங்கள், வளைவுக் கூர்முனை ஓங்கும்.

சரி, கணக்கு. ஒலிவேகம் = 2 × நீளம் × அதிர்வெண். அதன் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் யங் குணகம், அதாவது கல் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண். 230 × 110 × 75 மி.மீ., 3.2 கிலோ, 4800 ஹெர்ட்ஸ் என்றால் வேகம் நொடிக்கு 2208 மீட்டர். குணகம் சுமார் 8.2 கிகாபாஸ்கல். அதிர்வெண் வர்க்கமாவதால் அதில் 1% தவறு விடையில் 2% ஆகும். ஐந்து முறை தட்டி நடு மதிப்பை எடுப்பது என் வழக்கம்.

இது விறைப்பு, வலிமை அல்ல. வலிமை வேண்டுமானால் அதே சூளையின் கற்களில் மங்கலாக ஒலிப்பது முதல் கணீரென்பது வரை பத்துப் பன்னிரண்டைத் தட்டி அளந்துவிட்டு, அவற்றை அமுக்க எந்திரத்தில் நொறுக்கி, குணகத்தையும் வலிமையையும் இணைக்கும் ஒரு கோடு வரைய வேண்டும். உடைக்காத சோதனைக்கு முதலில் கொஞ்சம் உடைக்கத்தான் வேண்டியிருக்கிறது! ஒரு சூளையின் கோடு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பின்சேர்க்கை: ‘கூர்முனையே வரவில்லை’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதி இந்தக் குறுகிய ஒலியை விழுங்கிவிடக்கூடும். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். அருகருகே இரட்டைக் கூர்முனை வந்தால் கல்லில் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். மேற்பரப்பில் குழி உள்ள கல்லுக்கு, வெளி அளவுகளால் வரும் அடர்த்தி குறைவாக இருக்கும். அதே அச்சில் வார்த்த கற்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.