தடைக்காலத்துல எம்.எஸ். நோயப் பத்தி ஊருக்குச் சொல்றது எப்படி

மே 30 உலக எம்.எஸ். தினம், அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கிற நரம்பு நோய்க்கான நாள். நம்ம ராமநாதபுரம் கடக்கரைக்கு இதவிட தோதான நாள் கெடைக்காது, ஏன்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், லாஞ்செல்லாம் கரையில நிக்கும், ஆம்பளைங்க வலைய சரி பாத்துக்கிட்டு ஊர்லயே இருப்பாங்க. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி எங்க இருந்தாலும் இத ஒரு சாயங்கால வேலையா எடுத்துச் செய்யலாம்.

சாயங்காலம்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. காலைல பத்து மணிக்கு பேனர் புடிச்சு பேரணி போறத தயவுசெஞ்சு விட்ருங்க. எம்.எஸ். இருக்கவங்களுக்கு உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே பழைய தொந்தரவு திரும்ப வரும், கண்ணு மங்கும், காலு துவளும், உடம்பு குளுந்ததும் கொறஞ்சிரும். கத்திரி அப்பதான் முடிஞ்சிருக்கும், யாருக்காக நடக்குறோமோ அவங்களே வர முடியாத கூட்டம் எதுக்கு? வெயில் தாழ்ந்து நிழலா ஒரு எடம், நாலு சேரு, தண்ணி, பக்கத்துல பாத்ரூம், இது போதும். பாத்ரூம் முக்கியம், அவசரமா ஒண்ணுக்கு வர்றதும் இந்த நோயோட ஒரு தொந்தரவு, பொம்பளைங்க வெளிய சொல்லாம தண்ணி குடிக்கிறதயே கொறச்சுக்குவாங்க.

என்ன பேசுறதுன்னா, நோயோட பெரிய வெளக்கமெல்லாம் வேணாம். நம்மளக் காப்பாத்த வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடத்துல இருக்க நரம்புக்கு மேல உறைய அரிச்சிருது. இன்ஜின் ஒயர்ல மேல் ரப்பர் உப்புக்காத்துல போயிட்டா கரண்ட் விட்டு விட்டு போகும்ல, அப்படின்னு சொன்னா லாஞ்சுக்காரங்களுக்கு உடனே புரியும். அதிகமா 20லருந்து 40 வயசுக்குள்ள வருது, ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு கூட. ஒட்டுவாரொட்டி இல்ல, செய்வினையும் இல்ல, இந்த ரெண்டையும் கட்டாயம் சொல்லணும்.

மிச்ச நேரமெல்லாம் அறிகுறிக்குத்தான். ஒரு கண்ணு மட்டும் மங்குறது, அந்தக் கண்ண அசைச்சா வலிக்கிறது, செவப்பு வெளிறித் தெரியுறது. கழுத்தக் குனிஞ்சா முதுகுல ஷாக் அடிச்ச மாதிரி இறங்குறது. ஒரு பக்கம் மரத்துப் போறது, நடக்கும்போது தள்ளாடுறது, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. இதுல ஒண்ணு ஒரு நாளைக்கு மேல நீடிச்சா டாக்டர்ட்ட காட்டணும். ஆனா நீங்க அழுத்தி அழுத்திச் சொல்ல வேண்டியது வேற, அது தானா சரியாயிரும்! அங்கதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க. கடல்பாசி எடுக்கப் போற ஒரு அக்காவுக்கு ரெண்டு மூணு வாரம் கண்ணு மங்கலா இருந்து தெளிஞ்சிட்டா, வெயில்ல உப்புத்தண்ணி பட்டதுன்னு விட்ருவாங்க, அடுத்த தடவ காலு இழுக்கும்போது பழைய கண்ணு விஷயம் யாருக்கும் ஞாபகம் இருக்காது, சத்து ஊசி போட்டுக்கிட்டே வருசம் ஓடிரும். போயிருச்சுன்னா குணமாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, இந்த ஒரு வரி ஊர்ல பதிஞ்சா நீங்க நெனச்சது நடந்துருச்சு.

அதே சமயம் பயமுறுத்தாதீங்க. சக்கரை, பி12 குறை, இன்னும் பல காரணத்தால மரமரப்பு வரும், டாக்டர் பாத்து எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். முழுசா குணமாக்குற மருந்து இன்னும் வரல, ஆனா திரும்பத் திரும்ப வர்றதக் கொறைக்கிற மருந்து இருக்கு, அத சீக்கிரமா ஆரம்பிக்கிறது நல்லது.

யார்ட்ட சொல்றது? கூட்டத்துக்கு வர்றவங்கள விட, ஜனங்க முதல்ல போய் நிக்கிற ஆளுங்கள புடிங்க. கண்ணாடிக் கடை, மெடிக்கல் ஷாப், கிராம சுகாதார நர்ஸ், மக்களைத் தேடி மருத்துவம் அக்கா, மகளிர் குழு லீடர். சர்ச்சுல பூசை முடிஞ்சு ரெண்டு நிமிசம், ஜும்மாவுக்கு அப்புறம் ரெண்டு நிமிசம் கேட்டுப் பாருங்க. பாம்பன்ல கடல் ஓசை 90.4 எஃப்எம் மீனவர்களுக்காகவே நடக்குற ரேடியோ, அங்கயும் கேளுங்க. நோட்டீஸ் அடிக்க விவரம் வேணும்னா மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா இருக்கு, 1985ல ஆரம்பிச்சது, சென்னையிலயும் கிளை இருக்கு.

நோய் இருக்கவங்கள மேடை ஏத்தாதீங்க, அவங்களா வந்து பேசுறேன்னு சொன்னா ஒழிய. கல்யாணம் ஆகாத புள்ளைன்னா வீடே பதறும். அம்மாவுக்கு இருந்தா புள்ளைக்கும் கட்டாயம் வரும்ங்கிற வியாதி இல்ல இது, டாக்டர் யோசனையோட கொழந்த பெத்துக்கலாம், அதையும் மைக்ல சொல்லுங்க.

கூட்டம் கலைஞ்சப்புறம் யாராச்சும் ஓரமா வந்து எனக்கும் இப்படி இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. அதுக்கு ரெடியா ஒரு பேப்பர் வச்சிருங்க. எந்த மாசம், எந்தக் கண்ணு, எந்தக் கை, எத்தன நாள் இருந்துச்சுன்னு அவங்க கையாலயே எழுதி வாங்கி அவங்ககிட்டயே குடுத்துருங்க, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி நியூராலஜி (நரம்பு வைத்தியம்) ஓபிக்கு போறப்ப அந்தப் பேப்பரக் காட்டட்டும். ஏற்கனவே நோய்னு தெரிஞ்சவங்களுக்கு, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்க 21 வகைல எம்.எஸ்.ஸும் ஒண்ணுன்னு சொல்லி, யுடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அப்ளை பண்ண கூடப் போய் உதவுங்க.